ஓவியம், புகைப்படப் புத்தகங்கள் மட்டும் ஏன் இவ்வளவு கனம், இவ்வளவு விலை?

கனத்துக்குக் காரணம் தாள்தான். நாவல் அச்சிடும் சாதாரணத் தாள் மையை உறிஞ்சிவிடும், படம் மங்கும். அதனால் களிமண்ணோ சுண்ணாம்புத் தூளோ பூசிய வழவழப்பான தாள் போடுகிறார்கள். கொஞ்சம் மண்ணையும் சேர்த்துத்தான் தூக்குகிறீர்கள்!

விலைக்கு வருவோம். ஒரு பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வழவழவென்று தெரிந்த முகம், சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளின் புள்ளிக் கூட்டமாகச் சிதறும். நான்கும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் உதடு ஒரு பக்கம், அதன் சிவப்பு ஒரு பக்கம். அப்புறம் படங்களுக்கான உரிமைத் தொகை வேறு.

வாங்கும்போது புத்தகத்தின் முதுகை, அதாவது பக்கங்கள் சேரும் ஓரத்தைக் கவனியுங்கள். நூல் தையல் என்றால் நன்றாக விரியும். வெறும் பசை என்றால், இரண்டு பக்கத்துக்கு நீளும் படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும்.