மருந்துக்கடை வேலையை விட்டு ஊழியத்துக்குப் போகவேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணம் டவுனில் மருந்துக்கடை ஒன்றில் நாலு வருடமாக நிற்கிறேன். ஞாயிறு ஆராதனையில் இருக்கிற சந்தோசம் திங்கட்கிழமை கவுண்டருக்கு வந்தால் இல்லை. வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவதுதான் கர்த்தருடைய சித்தமா?

பதில்:

இப்போதைக்கு விடவேண்டாம். ஊழியம் என்றால் பிரசங்க மேடை, மற்றதெல்லாம் வயிற்றுப்பாடு என்ற எண்ணம் எங்கள் சபைகளில் ஊறிக் கிடக்கிறது. சலிப்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும்படி ஆதாமிடம் ஒப்படைத்தது ஆதியாகமம் 2:15இல். பாவம் வருவது 3ஆம் அதிகாரத்தில். சாபத்தோடு வந்தது முள்ளும் வேர்வையும். வேலை அதற்கு முதலே இருந்தது. பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்துகொண்டேதான் பிரசங்கித்தார். தூரம் போகவும் தேவையில்லை. 1847இல் இங்கு வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடிய அந்த மேசையை ஊழியத்துக்கு வெளியே தள்ள முடியுமா?

இனி, உங்கள் கவுண்டர். "எல்லாவற்றையும் கர்த்தருக்கென்று செய்வேன்" என்று மொத்தமாக முடிவெடுத்தால் மூன்றாம் நாளே அது கரைந்துவிடும். ஒரு வேலையை மட்டும் எடுங்கள். உதாரணமாக, மருந்து உறையில் எழுதுவது. நெடுந்தீவிலிருந்து ஒரு அம்மா கிளினிக்குக்கு வந்து, மருந்துத் துண்டோடு உங்கள் முன்னால் நிற்கிறார் என்று வையுங்கள். குறிகட்டுவானில் படகு போவதற்குள் அவர் திரும்பவேண்டும். முதலில் துண்டு முழுவதையும் பார்த்து, இல்லாத மருந்து எதுவென்று உடனே சொல்லுங்கள். மற்றக் கடையில் வாங்க அவருக்கு நேரம் கிடைக்கும். சீனி வருத்தத்துக்கான மெற்போமின் உறையில் "காலை 1, இரவு 1" என்பதோடு நிறுத்தாமல் "சாப்பாட்டோடு" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிரட்டும். "இந்தக் குளிசை எனக்கு ஒத்துவராது" என்று அவரே நிறுத்திவிடுவார், சீனி ஏறும். கொடுக்கும்போது எப்படிப் போடுவார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அயலானை நேசிப்பது மருந்துக்கடையில் இப்படித்தான் இருக்கும்.

இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கத்தோலிக்கர் இதை ஆன்ம சோதனை என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த முறை. எந்தச் சபையாரும் செய்யலாம். முதலில் நன்றி, பிறகு வெளிச்சம் கேட்டு ஜெபம், நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான ஒரு தீர்மானம். பலர் நன்றியைத் தாண்டி நேரே குற்றப்பட்டியலுக்குப் போவதால்தான் ஒரு கிழமையில் அலுத்து விட்டுவிடுகிறார்கள். எந்த நேரம் மனம் விரிந்தது, எந்த நேரம் சுருங்கியது என்று ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். நாலு கிழமை கழித்து வாசியுங்கள்.

மனம் சுருங்கிய நாட்களெல்லாம், துண்டில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறொன்றைச் சொல்லாமல் கொடுத்த நாட்களாக இருந்தால், அது சலிப்பல்ல, மனச்சாட்சி. முதலாளியோடு கதைக்கவேண்டிய விசயம் அது, ஜெபித்து அமுக்கக்கூடாது.

களைப்புத்தான் காரணம் என்றால் மணித்தியாலத்தை எண்ணுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு. யாத்திராகமம் 20இன் ஓய்வுநாள் வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால், முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியே 3 வீதம் வேறாகப் போடவேண்டும். போடவில்லை என்றால் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். பொறுமை கிறிஸ்தவ குணம் என்று சொல்லி இதை விழுங்கச் சொல்கிறவர்கள், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்ற யாக்கோபு 5:4ஐ வாசிக்கவேண்டும்.

வேலையில் மட்டுமல்ல, ஆராதனையிலும் வீட்டிலும் சந்தோசம் இல்லை, நித்திரையும் குழம்புகிறது, இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே என்றால் வைத்தியரைப் பாருங்கள். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அது விசுவாசக் குறைவல்ல.

இத்தனைக்குப் பிறகும் முழுநேர ஊழிய எண்ணம் விடவில்லை என்றால், வேலையில் இருந்தபடியே ஆறு மாதம் சோதியுங்கள்: சனி பின்னேரங்களில் நோயாளி வீடுகளைச் சந்திப்பது, ஞாயிறு பாடசாலையில் ஒரு வகுப்பு. அந்த நாட்களையும் அதே கொப்பியில் எழுதி, போதகரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.