காணி தம்பியுடையது, முடிவு யாருடையது?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. இருமுனை மனநிலைக் கோளாறுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறான். மூன்று வருடங்களுக்கு முன் வருத்தம் கூடியபோது மோட்டார் சைக்கிளை அரை விலைக்கு விற்றுவிட்டான். இப்போது நன்றாக இருக்கிறான். அப்பா எழுதிக்கொடுத்த காணி அவன் பெயரில் இருக்கிறது. "அவனுக்கு விளங்காது, அற்றோணித் தத்துவம் (அவனுக்காக வேறொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கையெழுத்து வாங்கு" என்கிறார் கனடாவில் இருக்கும் அண்ணா. என்ன செய்வது?
- ஓர் அக்கா, கோண்டாவில்

பதில்: சகோதரி, காணிக்காரர் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள்.

விளங்காதவரிடம் வாங்கும் கையெழுத்து நாளை நீதிமன்றத்தில் நிற்காது. விளங்கும் என்றால் அவருக்காக வேறொருவர் ஏன் முடிவெடுக்க வேண்டும்? இந்த வருத்தம் கூடும், தணியும். கூடிய சில வாரங்களை வைத்து மனிதரை அளக்காதீர்கள். (சுகதேகிகள் சீட்டில் தொலைத்த காசை யாரும் கணக்கெடுப்பதில்லை.)

அவருக்குத் தேவை துணை. அவர் கையெழுத்து வைக்க வேண்டிய உறுதிப் பத்திரம் எதுவானாலும் அதன் வரைவை முன்கூட்டியே வாங்கி, மருந்துத் தூக்கம் இல்லாத வேளையில் பகுதி பகுதியாகச் சேர்ந்து வாசியுங்கள். அதை வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமையுமாகும். பக்கத்தில் யார் இருப்பது என்பதைத் தம்பியே தெரிவு செய்யட்டும். காணியில் கண் வைத்தவர் வேண்டாம். "விற்கமாட்டேன், எழுதிக்கொடுக்கவும்மாட்டேன்" என்று அவர் சொன்னால், அதுவும் முடிவுதான்.

மோட்டார் சைக்கிள் பயம் நியாயமானது. அதற்கு இப்போதே, அவர் தெளிவாக இருக்கும்போதே, அவரது சொற்களில் ஒரு தாள் எழுதுங்கள்: நித்திரை குறைந்து கைச்செலவு ஏறினால் யாருக்குச் சொல்வது, வங்கி அட்டை யாரிடம் எத்தனை நாள் இருப்பது, பெரிய தொகை என்றால் எவ்வளவு காலம் பொறுப்பது, எந்த மருந்து ஒத்துவரவில்லை. ஒரு பிரதி கிளினிக் கொப்பிக்குள் இருக்கட்டும். அது உறுதிபோலச் சட்டப் பத்திரம் அல்ல; ஆனால் அவர் பேச முடியாத நாளில் வைத்தியருக்கும் உங்களுக்கும் அவர் மனதைச் சொல்லும். பிறகு அவர் மனம் மாறினால் திருத்தி எழுதலாம்.

நம் நாட்டின் மனநலச் சட்டத்துக்கு 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே அடித்தளம். ஆனால் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் இவர்களும் சமம், முடிவெடுக்கத் துணை கொடுப்பது அரசின் பொறுப்பு என்கிறது. மாவட்ட நீதிமன்றம் மூலம் சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கும் வழியும் உண்டு. நன்றாக இருக்கும் ஒருவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு. தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும்.