ஷாக் அப்சார்பர் போல்ட் முறிந்துவிட்டது, மிச்சத்தை எப்படி எடுப்பது?

வீட்டிலேயே மினி லாரியின் ஷாக் அப்சார்பரைக் கழற்றும்போது போல்ட் தலை முறிந்துவிட்டது என்கிறீர்கள். சரி, அவசரப்படாதீர்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள்.

முனை கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்வதே எனக்குப் பிடித்த வழி. அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி தளரும். ஆறியதும் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். பக்கத்தில் பிரேக் குழாயோ டீசல் டேங்கோ இருந்தால் சூடு வேண்டவே வேண்டாம்.

உள்ளுக்குள் முறிந்திருந்தால், சென்டர் பஞ்ச் (துளையிடும் இடத்தில் சிறு குழி பதிக்கும் கூர்முனைக் கருவி) அடித்து நட்டநடுவில் துளையிடுங்கள். இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் நல்லது, சில சமயம் துளையிடும்போதே கழன்றுவிடும். கழலாவிட்டால் அந்தத் துளைக்குள் எக்ஸ்ட்ராக்டரை, அதாவது முறிந்த போல்ட்டை உள்ளிருந்து பற்றிக் கழற்றும் கருவியை, விட்டுத் திருகுங்கள். ஆனால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். அது கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில்லுக்கு மசியாது.

அப்புறம், புது போல்ட்டை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக முறுக்குங்கள், இல்லையென்றால் போல்ட் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் உறையான புஷ் சீக்கிரம் கிழியும்.