காயும் நிழலும் சொல்லும் காலம்

கேள்வி: ஓசூர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன மகன், எட்டு மாதம் கழித்து மாந்தோப்புக்குத் திரும்பும் கதையை 18 நிமிடக் குறும்படமாக எடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தேன். கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் இருக்க வேண்டிய தொடர்ச்சி, சரியில்லை என்று நண்பர்கள் குறை சொல்கிறார்கள். உணர்வுதான் முக்கியம், தொடர்ச்சிக்கு 4 விழுக்காடுதான் என்று படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச்சே சொல்லியிருக்கிறாரே?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மர்ச்சின் கணக்கில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உணர்வுக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10 என்று தொடங்கும் அவருடைய ஆறு அம்சப் பட்டியல், முப்பரிமாண இடத்தொடர்ச்சிக்கு, அதாவது யார் எங்கே நிற்கிறார் என்பது குழம்பாமல் இருப்பதற்கு, 4 என்று முடிவது உண்மை. ஆனால் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஆறும் ஒருசேர அமைவதே சிறந்த வெட்டு என்பதும், எதையாவது விட்டே தீர வேண்டுமென்றால் கீழிருந்து விட்டு வர வேண்டும் என்பதும்தான் அவர் கருத்து. தவிர, அந்த 4 விழுக்காடு இடத்தொடர்ச்சியைப் பற்றியது. உங்கள் படத்தில் கெட்டிருப்பது காலம்.

படத்தை இரண்டு முறை பார்த்தேன். தொடர்ச்சியைக் காக்க வேண்டிய இடத்தில் உடைத்துவிட்டீர்கள், உடைக்க வேண்டிய இடத்தில் விடாமல் பிடித்திருக்கிறீர்கள். திரும்பி வந்த மகனும் அப்பாவும் கிணற்று மேட்டில் பேசும் மூன்று நிமிடக் காட்சியில் அப்பாவின் நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. மகன் பதில் சொல்லும் ஷாட்டில் நிழல் மூன்று ஆள் நீளத்துக்கு ஓடுகிறது. மீண்டும் அப்பாவிடம் வந்தால் உச்சிவெயில். பார்ப்பவர் நிழலை அளந்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார் என்றாலும், அப்பாவின் குரல் உடையும் அந்த நொடியில் அவர் கவனம் கலைந்துவிடுகிறது. நீங்கள் பெரிதாக மதிக்கும் அந்த 51 விழுக்காடே அங்கேதான் போகிறது. தரை தெரியாத குளோசப்புகளைத் தேர்ந்தெடுத்து, அப்பா தோளிலிருந்து துண்டை எடுக்கும் அசைவின் நடுவில் வெட்டி, தோப்பின் பின்னணி ஒலியை அறுபடாமல் ஓடவிட்டால் இந்தக் காட்சி பெருமளவு தேறும்.

காலம் தாவும் இடம்தான் என்னை வருத்தியது. புறப்பாட்டையும் திரும்பலையும் ஒரே மே மாதத்தில் எடுத்திருக்கிறீர்கள். அதனால் கதைப்படி செப்டம்பரில் ஊரைவிட்டுப் போகிறவனுக்குப் பின்னால் பெங்களூரா மாங்காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. எட்டு மாதம் கழித்து வருகிறவனுக்கும் அதே சட்டை, அதே தாடி, அதே செருப்பு. நடுவில் ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறும் டிசால்வ் வைத்து 'எட்டு மாதங்களுக்குப் பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். திரையில் எதுவுமே மாறாதபோது அந்த எழுத்தை யார் நம்புவார்? அதுவும் மாமரத்தைப் பார்த்தே மாதம் சொல்லும் கிருஷ்ணகிரிக்காரர்கள் நம்புவார்களா?

வரும் தை மாதத்தில், மரம் பூத்து நிற்கும்போது, அதே மரத்தடியில் கேமராவை அதே உயரத்தில் வைத்துப் புறப்பாட்டை மட்டும் மறுபடி எடுங்கள். பூ காயாகி முற்ற ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும் என்பதால், கதையிலும் எட்டை நான்காகக் குறைத்துவிடலாம். பூவிலிருந்து காய்க்கு நேரடியாக ஒரு கட் போதும். எழுத்தும் டிசால்வும் தேவைப்படாது. திரும்பி வரும் காட்சியில் அணிந்திருக்கும் சட்டையை மட்டும் தையில் மகனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.