சீரும் பங்கும்

அன்புள்ள அக்கா,

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்காகப் போட்ட தீர்மானங்களைப் படித்தேன். விரும்பியவரை மணக்கும் உரிமை, மணவிலக்கு, சொத்துரிமை! இன்று நாங்கள் படிக்கிறோம், சம்பாதிக்கிறோம். ஆனாலும் சமையலறை எங்கள் தலையில்தான். அவர்கள் நம்பிக்கை தோற்றுவிட்டதா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

சமையலறைச் சண்டையை வீட்டில் போடுங்கள். தீர்மானமா வந்து தோசை சுடும்?

எனக்குக் கோபம் வேறு. சொத்துரிமையை ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்களே! கொஞ்ச நாளாக நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 1989இல். மாநாடு முடிந்து 60 வருஷம். அதிலும் அது அமலுக்கு வந்த மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவளுக்குக் கிடையாது. 2005இல் மத்திய சட்டம் வந்துதான் அந்தத் தடை போனது.

போய் என்ன? அதற்கப்புறம்தான் என் பெரியம்மாவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுத. "சம்மதந்தானேம்மா?" என்று சார்பதிவாளர் கேட்டார். "சம்மதந்தான் சார்" என்று பதில் சொன்னது என் மாமா. பெரியம்மா ரேகை வைத்து, விரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் ஓட்டலில் டிபன். அவளுக்கு ஒரு பட்டுப்புடவை.

ஏமாளி இல்லை அவள். "பங்கு கேட்டா அண்ணன் வீட்டு வாசல மிதிக்க முடியுமாடி? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?" என்றாள். சட்டம் நிலத்தைத்தான் கொடுத்தது. அதை வாங்கினால் பிறந்த வீடு போய்விடும் என்ற பயத்துக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

இந்தப் பயத்துக்குத்தான் நாம் சீர் என்று பட்டுத்துணி சுற்றி வைத்திருக்கிறோம். காதுகுத்துக்குச் செய்தோம், வளைகாப்புக்குச் செய்தோம், பங்கு வேறா என்பார்கள். சீர் அண்ணன் மனசு வைத்தால் வருவது. இந்த வருஷம் வரும், அண்ணி முகம் கோணினால் அடுத்த வருஷம் வராது. பங்கு யார் மனசையும் கேட்காது. சீர் வாங்கிக்கொண்டு பங்கை விட்டவள் காலத்துக்கும் அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் சம்பளம் இதை மாற்றிவிடவில்லை. "உனக்குத்தான் வேலை இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்க இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தோற்றார்களா என்று என்னைக் கேட்கிறீர்கள். சரி, உங்கள் அப்பாவின் நிலம் யார் பெயரில் இருக்கிறது? வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததுண்டா? அண்ணன் தம்பி யாராவது பத்திரத்தை நீட்டினால் மறுபடி எழுதுங்கள் கண்ணு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.