சிறுவயதில் ஏடிஹெச்டி மாத்திரை சாப்பிட்ட பையனை அமெரிக்க ராணுவத்தில் எடுப்பார்களா?

டெக்சாஸிலிருந்து ஒரு தாயின் கேள்வி: மகனுக்கு 16 வயது, பத்தாம் வகுப்பு முடியப் போகிறது. மூன்றாம் வகுப்பில் ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும், என்றார்கள். அன்றிலிருந்து அதற்கான கான்செர்டா மாத்திரை சாப்பிடுகிறான். பள்ளியில் கூடுதல் தேர்வு நேரம் போன்ற சலுகை தரும் 504 பிளானும் இருக்கிறது. இப்போது ஏர் ஃபோர்ஸில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "மாத்திரை சாப்பிட்டவனை எடுக்க மாட்டார்கள், வாயைத் திறக்காமல் இருந்துவிடுங்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அது சரியா?

சரியில்லை, இரண்டுமே. எட்டு வயதில் மாத்திரை சாப்பிட்டதற்காக யாரையும் தள்ளுவதில்லை. அவர்கள் பார்ப்பது கடைசி மாத்திரை எப்போது, அதற்குப் பிறகு பையன் எப்படி இருந்தான் என்பதைத்தான். மறைத்து மாட்டிக்கொள்வதுதான் நிஜமாகவே வேலையைக் கெடுக்கும்.

தரைப்படை, கடற்படை, விமானப்படை எல்லாவற்றுக்கும் மருத்துவ விதி ஒன்றுதான்: பாதுகாப்புத் துறையின் 6130.03 என்ற ஆணை. 2018 மே முதல் நடப்பில் உள்ள அதன் வடிவத்தில் ஏடிஹெச்டி தனியாக ஒரு தடை இல்லை. கூடவே நான்கில் ஒன்று இருந்தால்தான் தடை. கடந்த 24 மாதங்களுக்குள் மருந்து எழுதித் தந்திருப்பது ஒன்று. 14 வயது முடிந்த பிறகு ஐஇபி எனப்படும் சிறப்புக் கல்வித் திட்டம், 504 பிளான் அல்லது வேலையிடத்தில் சலுகை வாங்கியிருப்பது இன்னொன்று. பரிந்துரைத்திருந்தாலே கணக்கில் சேரும். மனச்சோர்வு, பதற்றம் போன்ற வேறு மனநலச் சிக்கலும் சேர்ந்து இருந்தது மூன்றாவது. படிப்பிலோ வேலையிலோ சறுக்கியதற்குப் பதிவு இருப்பது நான்காவது.

பலருக்கு மருந்து விதி மட்டும்தான் தெரியும். உங்கள் வீட்டில் இடிப்பது இரண்டாவது விதி. பையனுக்கு 16 வயது, 504 பிளான் இன்னும் ஓடுகிறது. நாளைக்கே பிளானை முடித்துக்கொண்டாலும் 14 வயதுக்குப் பிறகு இருந்தது இருந்ததுதான், அழியாது. ஆகவே அவன் விதிவிலக்கு, அதாவது வெய்வர், கேட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். வெய்வர் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அதற்குச் சான்று வேண்டும்.

அந்தச் சான்று மதிப்பெண் பட்டியல். 24 மாதம் என்பது சும்மா கடத்த வேண்டிய காலமல்ல. மாத்திரையும் இல்லை, கூடுதல் தேர்வு நேரமும் இல்லை, ஆனாலும் பையன் வகுப்பில் நின்றான் என்று காட்ட வேண்டிய காலம். வெய்வர் கோரிக்கையைப் படிக்கும் மருத்துவருக்கு இது முக்கியம். உங்களுக்குக் கணக்கும் ஒத்து வருகிறது: பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் நிறுத்தினால், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் இரண்டு வருடம் நிறையும். முழு இரண்டு பள்ளி ஆண்டின் மதிப்பெண் கையில் இருக்கும். கோடையில் மட்டும் நிறுத்திப் பார்த்து "நன்றாகத்தான் இருந்தான்" என்று எழுதி வாங்கினால் அதற்கு மதிப்பில்லை. விடுமுறையில் யாருக்குத்தான் கவனம் தேவைப்படுகிறது!

2022இல் தொடங்கிய ஒரு சோதனைத் திட்டத்தில் ஏடிஹெச்டி உட்படச் சில நோய்நிலைகளுக்குக் காத்திருப்புக் காலத்தைக் குறைத்தார்கள். சோதனைத் திட்டம் நீளும், சுருங்கும். 24 மாதத்தை வைத்தே திட்டமிடுங்கள்; குறைந்தால் லாபம்.

நிறுத்துவதை மருத்துவரோடு சேர்ந்து செய்யுங்கள். கான்செர்டா, ரிட்டாலின் போன்ற மெதில்ஃபெனிடேட் வகையை நிறுத்தினால் பெரும்பாலும் உடலுக்குக் கேடில்லை. பழைய கவனச்சிதறல் திரும்பி வரும், அவ்வளவுதான். ஆனால் கூடவே குவான்ஃபசின் அல்லது க்ளோனிடின் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தவே கூடாது. ரத்த அழுத்தம் குப்பென்று ஏறும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று. டெக்சாஸில் 16 வயது என்பது பையன் தனியாகக் கார் ஓட்டத் தொடங்கும் வயது. மருந்தில்லாத ஏடிஹெச்டி இளைஞர்களுக்கு விபத்து அபாயம் கூடுதல். முதல் சில மாதம் இரவுப் பயணமும் காரில் நண்பர் கூட்டமும் வேண்டாம். நிறுத்தியபின் மதிப்பெண் சரிந்து பையன் தத்தளித்தால் மருந்தைத் திரும்பத் தொடங்குங்கள். ஏர் ஃபோர்ஸ் இரண்டு வருடம் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது. பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றால் நான்காவது விதியும் சேர்ந்துகொள்ளும்.

24 மாதம் எந்த நாளிலிருந்து என்பதிலும் தவறுவார்கள். பையன் கடைசியாக விழுங்கிய நாளை நீங்கள் சொல்வீர்கள். பதிவில் இருப்பது சீட்டு எழுதிய நாளும் பார்மசியில் வாங்கிய நாளும். மெதில்ஃபெனிடேட், இன்னொரு ஏடிஹெச்டி மருந்தான ஆடரால் இரண்டும் கூட்டரசுச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாடுள்ளவை. ரீஃபில் கிடையாது, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு. எனவே ஒவ்வொன்றும் தனித்தனித் தேதியோடு நிற்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஜூனில் நிறுத்திவிட்டு ஆகஸ்டில் ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் கணக்கு ஆகஸ்டிலிருந்துதான்.

மறைப்பது ஏன் முடியாது? மெப்ஸ் எனப்படும் ராணுவத் தேர்வு மையங்களில் 2022 முதல் ஜெனிசிஸ் என்ற மருத்துவப் பதிவு முறை இருக்கிறது. சிவில் மருத்துவமனைகளும் பார்மசிகளும் பகிரும் பதிவுகளை அது இழுத்துக் காட்டும். பையன் நிரப்பும் 2807 என்ற மருத்துவ வரலாற்றுப் படிவத்தில் பொய்க்கு 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 டாலர் அபராதம் என்று அச்சிட்டே இருக்கிறது. உள்ளே போன பிறகு தெரிந்தால் ராணுவச் சட்டத்தின் 104ஏ பிரிவில் மோசடிச் சேர்க்கை. ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரே "இல்லை என்று டிக் பண்ணு" என்று சொன்னாலும் கையெழுத்து பையனுடையது. அவர் அப்படிச் சொன்னதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது.

அதே பதிவில் தப்பும் இருக்கும். முதல் ஆலோசனையில் "பதற்றமோ என்று பார்க்க" என்று மருத்துவர் போட்ட குறியீடு அப்படியே நோயாகத் தங்கிவிடுவதுண்டு. மூன்றாவது விதி இப்படித்தான் தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும். இப்போதே முழுப் பதிவையும் வாங்கிப் படியுங்கள். தவறிருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்க, மருத்துவப் பதிவுகளுக்கான ஹிப்பா சட்டம் உரிமை தருகிறது. 18 ஆனபின் அவனே கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: நோயறிந்த நாள், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், முடித்த நாள், மருந்தில்லாமல் எப்படி இருக்கிறான் என்று மருத்துவர் எழுதிய கடிதம். பார்மசியின் முழுப் பட்டியல். ஒன்பதாம் வகுப்பு முதல் மதிப்பெண்கள். 504 பிளானின் நகல், அது எந்தத் தேதியில் முடிந்தது என்ற பள்ளிக் கடிதம். பிளானில் எழுதியிருந்தும் கூடுதல் நேரத்தை அவன் பயன்படுத்தவே இல்லை என்றால் அதையும் ஆசிரியர் எழுதித் தரலாம்.

மெப்ஸில் மருத்துவர் "பெர்மனென்ட்" என்று தகுதிநீக்கம் எழுதினால் வீடே இடிந்து உட்காரும். அங்கே அந்தச் சொல்லுக்கு வாழ்நாள் முழுக்க என்று பொருளில்லை. விதிக்குள் வரவில்லை, வெய்வர் வேண்டும் என்று பொருள். "புல்ஹெஸ்" என்ற ஆறெழுத்து மதிப்பீட்டில் கடைசி எழுத்தான எஸ் மனநலத்துக்கானது. அதில் 3 விழுந்திருக்கும். தற்காலிகம் என்றால் மறுபடி வரும் தேதி கொடுப்பார்கள். வெய்வரை மெப்ஸ் தருவதில்லை, அந்தந்தப் படைப்பிரிவு தருகிறது. ஏர் ஃபோர்ஸ் மறுத்ததை ஆர்மி ஏற்கலாம். விமானி ஆசை இருந்தால் அதற்கு இதைவிடக் கடுமையான தனி விதி.

ஆர்ஓடிசி (கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி) உதவித்தொகை அல்லது ராணுவக் கல்லூரி வழியாகப் போவதென்றால் மருத்துவத் தேர்வை மெப்ஸ் நடத்தாது, டாட்மெர்ப் எனப்படும் பாதுகாப்புத் துறையின் மருத்துவத் தேர்வு வாரியம் நடத்தும். அது பன்னிரண்டாம் வகுப்பிலேயே வந்துவிடும், 24 மாதம் நிறையுமுன். அந்த வழிக்கும் அதிகாரி பதவிக்கும் குடியுரிமை வேண்டும். சாதாரணச் சேர்க்கைக்குக் கிரீன் கார்டு போதும். மகன் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருந்தால் இரண்டுக்கும் வழியில்லை. மாத்திரையை நிறுத்துவது பற்றி யோசிக்குமுன் அதைப் பாருங்கள்.