திங்கட்கிழமை வயிற்றுவலி: பிள்ளைகளின் பதற்றம் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் இருந்து பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நான் இடைநிலைப்பள்ளி ஒன்றில் கவுன்சிலிங் ஆசிரியை. கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

டீச்சர், என் மகன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்தவன். இப்போது படிவம் 1, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு. ஞாயிறு இரவு வயிற்றுவலி தொடங்கும், திங்கள் காலையில் வாந்தி எடுப்பான். கிளினிக்கில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். பஸ் போன பிறகு வீட்டில் நன்றாக விளையாடுகிறான். அப்பா நடிக்கிறான் என்கிறார். நடிப்புத்தானா?

நடிப்பு இல்லை அம்மா. அந்த வலி உண்மையான வலி. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு வேகமாக அடிக்கும், ரத்தம் கை கால் தசைகளுக்கு ஓடும், செரிமானம் மெதுவாகி வயிற்றைப் புரட்டும். பஸ் போய்விட்டது, இனி இன்றைக்குப் பள்ளி இல்லை என்று தெரிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு நடிப்பு என்று தோன்றுகிறது.

உங்கள் மகன் எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தாண்டி வந்திருக்கிறான் என்று பாருங்கள். எல்லா ஆசிரியருக்கும் அவன் பெயர் தெரிந்த சின்னப் பள்ளியிலிருந்து, யாருக்கும் அவனைத் தெரியாத பெரிய பள்ளிக்கு வந்திருக்கிறான். பாடமெல்லாம் மலாயில். கூடப் படித்தவர்களில் சிலர் படிவம் 1க்கு முந்தைய புகுமுக வகுப்பில், சிலர் வேறு பள்ளியில். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

"ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவனிடம் பதில் இருக்காது. "பள்ளியில் எந்த நேரம் ரொம்பக் கஷ்டம்?" என்று கேளுங்கள். மோட்டாரில் போகும்போதோ, பாத்திரம் கழுவும்போதோ, முகம் பார்க்காமல் கேட்டால் இன்னும் நல்லது. பெரும்பாலும் பதில் சின்னதாகத்தான் வரும். மலாயில் உரக்க வாசிக்கச் சொல்வது, கேன்டீனில் யாருடன் உட்காருவது என்று தெரியாதது, கழிப்பறையில் பெரிய பையன்கள் நிற்பது. யாராவது அடிக்கிறார்கள், காசு பிடுங்குகிறார்கள் என்று சொன்னால் அதை அன்றைக்கே பள்ளிக்குத் தெரிவியுங்கள். அது பிள்ளையின் மனதைச் சரிசெய்கிற விஷயம் இல்லை, பள்ளி சரிசெய்ய வேண்டிய விஷயம்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், வீட்டில் நிறுத்தி வைப்பதுதான் பயத்தை வளர்க்கும். நின்றதும் கிடைக்கிற நிம்மதி, "போகாமல் இருந்ததால்தான் தப்பித்தோம்" என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கும். அடுத்த திங்கட்கிழமை பயம் இன்னும் கூடும். அதற்காக அடித்து இழுத்துப் போவதும் வழியில்லை. படிப்படியாகப் போகலாம். முதல் சில நாள் பள்ளிக்கு வந்து கவுன்சிலிங் அறையில் உட்காரட்டும், ஒரு பாடத்துக்கு மட்டும் வகுப்புக்குப் போகட்டும். பிறகு ஓய்வு நேரம் வரை, அப்புறம் முழு நாள். இதைப் பள்ளியுடன் பேசித்தான் செய்ய வேண்டும். நேரில் வந்து கேளுங்கள், தயங்காதீர்கள்.

காலையில் வாக்குவாதம் வேண்டாம். "வயிறு வலிக்கிறது என்று தெரியுதுப்பா. பள்ளிக்குப் போனதும் டீச்சர் அறையில் கொஞ்ச நேரம் உட்காரு, பிறகு வகுப்புக்குப் போகலாம்." இவ்வளவு போதும். பள்ளி விடுமுறையிலும் வலி வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள். அதைப் பயத்தின் தலையில் போட்டுவிடக் கூடாது.

எங்கள் காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டில், அந்த வரிசை வீட்டில், ஒன்பது பேர் இருந்தோம். விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போனோம். எங்களுக்கு வராத பதற்றம் இவர்களுக்கு மட்டும் எப்படி வருகிறது?

ஐயா, உங்கள் தலைமுறை பட்ட பாட்டை நான் சின்னதாக்க மாட்டேன். ஆனால் அப்போதும் இது இருந்தது. பள்ளிக்குப் பயந்த பிள்ளை பள்ளியை நிறுத்திவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் விழுந்த பெரியவர்களில் எத்தனை பேர் தூக்கம் வராமல் குடித்தார்களோ. 2017இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் பதின்ம வயது மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் கிட்டத்தட்ட ஐந்தில் இருவரிடம் பதற்றத்தின் அறிகுறிகள் தெரிந்தன. கேள்வித்தாளில் தெரிந்தது எல்லாம் நோய் என்று அர்த்தமில்லை. ஆனாலும் 40 பேர் வகுப்பில் 16 பேர் என்றால் அது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை.

நான் படிவம் 5 முடிவில் வரும் எஸ்பிஎம் அரசாங்கத் தேர்வு எழுதப் போகிறேன் டீச்சர். முன்னோட்டத் தேர்வில் கணக்குத் தாளைத் திருப்பியதும் மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின, செத்துவிடுவேன் போல் இருந்தது. எழுந்து வெளியே ஓடிவிட்டேன்.

கண்ணு, உனக்கு வந்தது பயத்தின் திடீர்த் தாக்குதலாகத்தான் தெரிகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடும். விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். காற்றுப் போதவில்லை என்று இன்னும் வேகமாக இழுத்தால் இன்னும் மோசமாகும். மூக்கால் மெதுவாக இழு, அதைவிட நீளமாக வாயால் விடு. மனதுக்குள் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடலாம். இதைத் தேர்வு மண்டபத்தில் முதன்முதலாகச் செய்து பார்க்காதே. தினமும் படுக்கும்போது பழகு.

அந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். அதுவரை இருக்கையிலேயே இரு. பேனாவைக் கீழே வை, கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொள், பிறகு தாளில் உனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேள்வியைத் தேடு. இன்னொன்றும் செய்து பார். 2011இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய மாணவர்கள், அதிலும் அதிகம் பயப்படுகிறவர்கள், மேலும் நன்றாகச் செய்ததைக் கண்டார்கள். எழுதிக் கசக்கிப் போட்டுவிடலாம், யாரும் படிக்கப் போவதில்லை.

வீட்டில் பழைய தாள்களை நேரம் வைத்து எழுது. முடிந்தால் பள்ளி மண்டபத்திலேயே ஒருநாள் உட்கார்ந்து எழுத ஏற்பாடு செய்து தருகிறோம், வந்து கேள். இரவு கண்விழிக்க டின் காப்பியும் சக்தி பானமும் குடிக்கிறாயா? நிறுத்து. அவையும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். உன் வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஆஸ்துமா இருந்தால் கண்காணிப்பாளரிடம் முன்பே சொல். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று ஒருமுறை கிளினிக்கில் பார்த்துவிடுவதும் நல்லது.

பேத்திக்குக் கண்பட்டுவிட்டது என்று தாயத்துக் கட்டினோம். தப்பா?

தப்பில்லை பாட்டி. கோயிலுக்கும் கூட்டிப்போங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் திருநீறு பூசினால் அவளுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் வேப்பிலையால் அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது எதற்கும் சம்மதிக்காதீர்கள். கிளினிக் தேதியையும் தள்ளிப்போடாதீர்கள்.

நான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆண்டு 1 மாணவி நான்கு மாதமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் வாயாடி என்கிறார் அம்மா.

பிடிவாதம் என்று நினைக்காதீர்கள் டீச்சர். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தில் பேசாமல் இருப்பது சகஜம். அதைத் தாண்டியும், மொழி தெரிந்தும், வீட்டில் பேசியும் பள்ளியில் மட்டும் வாய் திறக்கவில்லை என்றால் அது பதற்றத்தின் ஒரு வகை. "ஒரு வார்த்தை சொல், மிட்டாய் தருகிறேன்" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் அவள் இன்னும் இறுகிப்போவாள். பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில் அம்மாவும் அவளும் மட்டும் விளையாடட்டும். சில நாள் கழித்து நீங்கள் தூரத்தில் உட்காருங்கள், பிறகு கிட்டே வாருங்கள். பெயர் கூப்பிடும்போது தலையாட்டினால், கை தூக்கினால் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் வார்த்தை வரும்போது கைதட்டாதீர்கள், சாதாரணமாகப் பதில் சொல்லுங்கள். கூடவே அரசாங்க மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள்.

என் நண்பன் சாகலாம் போல் இருக்கிறது என்றான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டான்.

தம்பி, அந்தச் சத்தியத்தை உடைத்துவிடு. இன்றைக்கே உடை. நீ நம்புகிற ஒரு பெரியவரிடம் சொல், என்னிடம் வந்தாலும் சரி. அவனைத் தனியாக விடாதே. உடனடி ஆபத்து என்றால் 999. பேசுவதற்கு பிஃபிரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அரசாங்க உதவி எண்களான ஹீல் 15555, தாலியான் காசே 15999 இரண்டும் உண்டு. போலீஸ் பிடிக்கும் என்று அவன் பயந்தால், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்று சொல். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் இருக்கிற மாத்திரைகளையும் களைக்கொல்லியையும் பூட்டி வையுங்கள், சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் டாக்டருக்கு வசதி இல்லை. மாத்திரை கொடுத்தால் மகன் அதற்கு அடிமையாகிவிடுவானோ என்றும் பயம்.

கிளினிக் கேசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு, போங்கள் அண்ணே. ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அங்கேயே கேள்வித்தாள் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கோ மெந்தாரி என்ற அரசாங்க மனநல மையத்துக்கோ அனுப்புவார்கள். லேசான, நடுத்தரப் பதற்றத்துக்குப் பெரும்பாலும் முதலில் பேச்சு சிகிச்சைதான். மாத்திரை தேவைப்பட்டாலும், வழக்கமாகக் கொடுக்கும் வகை அடிமையாக்கும் வகை இல்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் வருகிறது, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, எத்தனை மணிக்குத் தூங்குகிறான். டாக்டர் அறையில் உங்கள் மகன் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விரும்பினால் வெளியே காத்திருங்கள்.